தோளுக்கு மேல் வரும் இரை

பென்டில்டன்
1966 அக்டோபர் 3

அன்பான ஆரினுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் உயிரோடு ஒரு வாத்து. டிரைவர் அதற்கு டிக்கெட் கேட்டார். "அது தூங்கிக்கிட்டேதான் வரும்ப்பா, சீட்டு வேணாம்" என்றார் பெரியவர். வாத்து ஊர் வரும்வரை தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. அந்தக் கதை இருக்கட்டும்.

இனெஸ் அக்கா பூசணிக் கேக்கை ஏந்திக்கொண்டு சர்ச் படியில் இறங்கினாளாம். கேக் தப்பித்துவிட்டது, இடுப்பெலும்புதான் போய்விட்டது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறார் டாக்டர். அதற்குள் அவளைத் தேற்றிவிட்டு, விருந்துக்கு நான் நம் வீட்டில் இருப்பேன்.

இங்கே போன் உண்டு, ஆனால் ஒரே கம்பியில் ஆறு வீடு, யார் எடுத்தாலும் கேட்கும். நான் உன்னோடு பேசினால் மறுநாள் மளிகைக் கடையில் எனக்கே அதைத் திருப்பிச் சொல்வார்கள். அதனால் கடிதம்தான் சௌகரியம்.

இரைக்குப் பதப்படுத்திய மீன் சினை நிலவறையில் ஜாடியில் இருக்கிறது. தூண்டில் முட்களில் நரம்பு கட்டித் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆட்கள் காசு கொடுத்து சால்மன் பிடிக்க வருகிற சீசன் நேரத்தில் உன்னைத் தனியே விட்டுவிட்டு வந்தது மனதுக்கு என்னவோ போல் இருக்கிறது. படகின் பின்பலகை காலியாக இருக்கிறதே என்று துடுப்புப் போடும்போது திரும்பிப் பார்த்துவிடாதே, பாறையில் மோதிவிடுவாய்.

உன் வில்டா


நெஹேலம்
அக்டோபர் 11

வில்டா,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். மீன் கடலிலிருந்து ஏறுகிறது, கண்ணெதிரே துள்ளுகிறது, நம் இரையை மட்டும் தொடவில்லை. நம்மிடம் மீன் பிடிக்க வந்திருக்கும் போர்ட்லாண்டு பல் டாக்டர், படகில் எல்லார் முன்னாலும், "என்ன ஆரின், மீனெல்லாம் உன் பொண்டாட்டியோட ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சினையையும் இறாலையும் ஒரே முள்ளில் எப்படிக் கட்டுகிறாய்? நீ பின்னால் உட்கார்ந்து தோளுக்கு மேல் நீட்டுவாய், நான் வாங்கி முன்னால் இருக்கிற ஆட்களிடம் கொடுப்பேன். உன் கையைப் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. விவரமாக எழுது. இறாலுக்குக் குறைவில்லை, ரோவீனா கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள். புருஷன் செத்துப்போன பிறகும் முகத்துவாரச் சேற்றில் அவளே இறங்கிப் பிடிக்கிறாள், பாவம்.

ஆரின்


பென்டில்டன்
அக்டோபர் 16

என் ஆரினுக்கு,

உன் கடிதத்தை இனெஸுக்குப் படித்துக் காட்டினேன். "கையப் பாத்ததே இல்லையாமா? அப்ப கல்யாணத்தன்னைக்கு மோதிரத்த எங்கடி போட்டான், காதுலயா?" என்றாள். சிரித்ததில் இடுப்பு வலித்து, பிறகு அதற்கும் உன்னைத்தான் திட்டினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை ஆரின். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் "எப்படி" என்று கேட்டதே இல்லை. "ஆச்சா?" என்றுதான் கேட்பாய். இப்போது கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பைத்தியக்காரி மாதிரி.

கவனமாகக் கேள். முள்ளின் கழுத்தில் நரம்பு ஒரு சுருக்காக நிற்கும். அதைக் கீழ்நோக்கித் தள்ளினால் வாய் திறக்கும். உள்ளே வால்நட் அளவு சினையை வைத்து, நரம்பை இழுத்து மூடு. சினையின் தோல் பக்கம் முள்ளோடு ஒட்டியிருக்கட்டும், முட்டைகள் வெளியே பார்க்கட்டும். சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துண்டையும் அந்தச் சுருக்கில் செருகு. மீனின் பல்லில் அது சிக்கிக்கொண்டால் சட்டென்று துப்ப முடியாது.

பிறகு இறால். பெரிய கொடுக்கைக் கிள்ளி எறிந்துவிடு. வாலில் குத்தி வயிற்று வழியாக முள்முனையை வெளியே கொண்டுவா. வால் மேலே, தலை கீழே. இறால் பயந்தால் பின்பக்கமாகத்தான் ஓடும். முன்பக்கமாக ஓடுகிற இறாலை எந்த சால்மனும் பார்த்ததில்லை, நம்பாது.

கடைசியாகத் தையல் நூலால் இரண்டையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். எல்லாரும் கெடுப்பது இங்கேதான். இறுக்கினால் சினையின் சாறு தண்ணீரில் கசியாது. தளர விட்டால் முதல் வீச்சிலேயே இறால் ஆற்றோடு போய்விடும். குழந்தைக்குக் குல்லாய் கட்டுவோமே, அந்த இறுக்கம் போதும். நமக்குக் குழந்தை இல்லை, உனக்கு எப்படித் தெரியும்! உன் தங்கச்சி பிள்ளைக்கு நான் கட்டும்போது பார்த்திருப்பாய். அதையும் பார்த்திருக்க மாட்டாய்.

சினை வாசனைக்கு மீன் திரும்பும். இறாலைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும்.

உன் தடித்த விரலுக்கு முதலில் வராது. விட்டுவிடாதே. வேறு என்ன சந்தேகம் என்றாலும் கேள். கேட்டுக்கொண்டே இரு.

உன் வில்டா


நெஹேலம்
அக்டோபர் 27

அன்பு வில்டா,

நீ சொன்னபடி கட்டியதில் பல் டாக்டரின் மைத்துனர், தன் கால் நீளத்துக்கு ஒரு மீனை இழுத்துப்போட்டார். "வீட்டம்மா ஊர்ல இருந்தே பிடிக்க வைக்கிறாங்களே!" என்று ஒரே கொண்டாட்டம். கரை முழுக்க நம் படகுப் பேச்சுதான்.

ஒரு சந்தேகம். நூலை இடது கையால் சுற்றினால் இறாலின் வயிறு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? நீ எழுதியபடி சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இறால் புரண்டு புரண்டு போகிறது.

இனெஸை நன்றாகப் பார்த்துக்கொள். நன்றி நாளுக்கு அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம், மலைச் சாலையில் பனி இருக்கும்.

அன்போடு,
ஆரின்


பென்டில்டன்
நவம்பர் 1

ஆரினுக்கு,

"அன்போடு" என்று போட்டிருந்தாய். இனெஸ் கண்ணாடி கேட்டு வாங்கி, "அவன் கையெழுத்துதானா, இல்ல யாராவது கையப் புடிச்சு எழுத வச்சாங்களா?" என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

உன் சந்தேகத்துக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. என் கைக்குத்தான் தெரியும். கோதுமை வயலுக்கு நடுவில் இறாலுக்கு எங்கே போவேன்? ஒரு பீன்ஸ் காயை இறாலாக்கினேன். திராட்சையைத் துணியில் முடிந்து சினையாக்கினேன். இனெஸின் கட்டில் ஓரம் உட்கார்ந்து இடது கையால் சுற்ற ஆரம்பித்தேன்.

"என்னடி இது, பொம்மைக்குக் கல்யாணமா?"

"ஆரின் கேட்டிருக்கான். இடது கையில சுத்தினா எப்படின்னு."

"அவனுக்கு எதுக்குடி இடது கை?"

ஏதோ கிண்டலாகத்தான் கேட்டாள். என் கை நின்றுவிட்டது. நீ கரண்டி பிடிப்பது வலது கை. சட்டைப் பொத்தான் போடுவது வலது கை. அப்படியென்றால் நான் இங்கே யாருடைய கையாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்?

ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரோவீனா இறால் வாளியை இடது கையால்தான் நீட்டுவாள். எத்தனை தடவை வாங்கியிருக்கிறேன்.

"என்னடி, மூஞ்சி போன போக்கே சரியில்லையே?"

"ஒண்ணுமில்லக்கா. பீன்ஸு முத்தல்."

முதலில் உன் கேள்விக்குப் பதில்: இடது கை என்றால் இறாலின் வயிறு கட்டுகிறவர் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். நூல் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். புரளாது. முழுசாகக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது என் கேள்வி. உதவிக்கு ஆள் வைப்பது குற்றமில்லை. "ரோவீனா கட்டித் தருகிறாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே அவளுக்கு நன்றி சொல்லியிருப்பேன். அவள் இறால் கொண்டுவருவதை எழுதத் தெரிந்த உனக்கு இதை எழுத ஏன் வரவில்லை? பின்பலகையில் அவள் உட்காருகிறாள், அது புரிந்துவிட்டது. படகைக் கரையில் ஏற்றிய பிறகு அவள் எந்த வீட்டுக்குப் போகிறாள், ஆரின்?

வில்டா


நெஹேலம்
நவம்பர் 9

வில்டா,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். முதலில் இரை கட்டத்தான் வந்தாள். பிறகு விடாத மழை. அவள் வீட்டுக் கூரை வேறு ஒழுகியது. இப்போது இங்கேதான் இருக்கிறாள். திட்டம் போட்டுச் செய்ததில்லை. அப்படி அமைந்துவிட்டது.

அவள் கெட்டவள் இல்லை. உன் கடிதங்களைப் படித்துவிட்டு, "உங்க வீட்டம்மா எவ்வளவு அழகா எழுதுறாங்க, பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரியே இருக்கு" என்றுதான் சொன்னாள்.

இந்த மாசம் பூராவும் படகு நிறைய ஆட்கள். அதுவரை நீ அங்கேயே இருந்தால் எல்லாருக்கும் நல்லது. பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஜாடியில் சினை தீரப்போகிறது. புதுச் சினையைப் பதப்படுத்த வெண்காரம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதை மட்டும் எழுதிவிடு. உனக்குக் கோபம் என் மேல்தான். நம்மை நம்பி வருகிற ஆட்கள் என்ன செய்தார்கள்?

ஆரின்


பென்டில்டன்
நவம்பர் 14

ரோவீனாவுக்கு,

உறையின் மேல் உன் பெயரையே எழுதியிருக்கிறேன். எப்படியும் நீதான் படிக்கப் போகிறாய். நடுவில் ஒருவர் எதற்கு?

சினையை நறுக்கிச் செய்தித்தாளில் பரப்பி வை. தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிற பதத்துக்குக் காய வேண்டும். ஒரு கிண்ணம் வெண்காரத்துக்குக் கால் கிண்ணம் சர்க்கரை. அதில் புரட்டு, பிசையாதே, முட்டை உடைந்துவிடும். ஜாடியில் அடுக்கும்போது நடுவே சில இறாலையும் வை. ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறும்.

அளவு சரியானதுதான், பயப்படாதே. இனெஸ், "உப்ப அள்ளிக் கொட்டச் சொல்லி எழுதுடி, ரெண்டும் ஆத்துல வெறுங்கையோட நிக்கட்டும்" என்றாள். அப்படி எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். ஆனால் தப்பாக எழுதினால் அவன் மறுபடியும் கேட்டு எழுதுவான். அது எனக்கு வேண்டாம்.

நான் நன்றி நாளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசவும் வரவில்லை. அதை அவனிடம் நீயே சொல்லிவிடு. இனெஸ் மாடி அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள். அங்கே அவளுடைய செத்துப்போன பூனையின் படம் மாட்டியிருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு. கல்யாணப் படத்துக்குக்கூட நாங்கள் சட்டம் போட்டதில்லை. இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் தேடுகிறார்கள், அடுத்த திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் புருஷன் போனபோது உன் அடுப்படியில் நின்று சமைத்துப் போட்டவள் நான். நீ சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாய், ஊட்டிவிட்டேன். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் என்னை அறுப்பது அதுகூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாயைத் திறந்து கேட்காத மனுஷன், ஒரே மாசத்தில் இத்தனை கேட்கிறானே என்று அந்தக் கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்திருந்தேன், இந்த வயசில். கேட்டது நீ.

கேள்வி உன்னுடையது என்றால் பதிலும் உன்னுடையதுதான். நான் எழுதிய கடிதங்களை நீயே வைத்துக்கொள், வேலைக்கு ஆகும். நடுநடுவே இரை கட்டுவதைப் பற்றி இல்லாத வரிகள் சில இருக்கும். அந்த இடம் வரும்போது தாண்டிப் படி.

வில்டா