நான் பச்சையடித்த நாற்பத்தாறாம் தாள்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் இன்ஜினும் ஒருவரையொருவர் அதிகம் படுத்தாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினேழு வருடமாக வாடகை வீட்டில் இருந்துகொண்டே உங்களை வீட்டுக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். இனிமேல் அதைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். வீடு முடிவாகிவிட்டது. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் வீடு இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். எங்காவது உட்கார்ந்து படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் கப்பலிலிருந்து வரும் போனில் பாதி நேரம் நான் பேசியதே எனக்குத் திரும்பிக் கேட்கிறது. மீதி நேரத்தில் லைன் போய்விடுகிறது. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லத் தைரியம் வரவழைத்துக்கொண்டு ஆரம்பிக்கும்போது லைன் போனால், மறுபடி அந்தத் தைரியம் வராது. அடுத்த துறைமுகத்தில் உங்கள் கம்பெனி ஆபீஸில் கடிதம் வாங்கி வைப்பார்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

போகும்போது மூன்று நிபந்தனை சொல்லிவிட்டுப் போனீர்கள். ஜன்னலைத் திறந்தால் பச்சையாக ஏதாவது தெரிய வேண்டும். கடைக்கு நிழலில் நடந்தே போய்வர வேண்டும். கடல் மட்டும் கண்ணில் படவே கூடாது. வருடத்தில் ஒன்பது மாதம் இரும்பையும் தண்ணீரையும் பார்க்கிற மனிதர் கேட்டது இவ்வளவுதான். இதையாவது செய்ய வேண்டும் என்று நானும் இருந்தேன். இந்த முறை இறங்கியதும் மறுபடி ஏறுவீர்களா மாட்டீர்களா என்று கம்பெனி கேட்டிருப்பதாகவும், வீடு முடிவானால்தான் பதில் சொல்ல முடியும் என்றும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்கா சொன்ன புதுக் குடியிருப்பை வாங்கினால் கடனை அடைக்க இன்னும் நான்கு தடவையாவது நீங்கள் கப்பல் ஏற வேண்டியிருக்கும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் வாசல், புது லிஃப்ட், சுற்றிலும் மரம் என்று அக்கா சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த இடத்தைத் தரகர் எங்களுக்கு இரண்டு முறை காட்டினார். இரண்டு முறையும் ஆபீஸ் விட்ட பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், ஏசி போட்ட காரில். கட்டடத்தைச் சுற்றி உயரமாகத் தகரம் அடித்திருந்தது. மரமெல்லாம் எங்கே என்று அக்கா கேட்டார். தரகர் திருதிருவென்று விழித்தார். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேப் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் இல்லையா, கெத்து விடுமா? நகரசபை வரைபடத்தில் நாற்பத்தாறாம் தாளைப் பாருங்கள், இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் மூன்று வரிசை மரமும், வட்டமாக ஒரு பூங்காவும் இருக்கிறது, தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நானே தரகருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அடுத்த தடவை அவர் கொண்டுவந்த விளம்பரத் தாளில் அந்த வரைபடத்தையே அச்சடித்திருந்தார்கள்.

முன்பணம் கொடுக்க வேண்டியது ஒரு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை, உங்களுக்கு அனுப்ப ஒரு பிரதி எடுக்கலாம் என்று ரெக்கார்ட் ரூமில் நாற்பத்தாறாம் தாளின் மூலத்தை வாங்கி மேஜையில் விரித்தேன். விளம்பரத்தில் வெட்டிவிட்டிருந்த கீழ் மூலை அதில் இருந்தது. வரைந்தவர் கையெழுத்துப் போடும் கட்டம். அதில் இருந்தது என் கையெழுத்து. தேதி, நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம்.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருடம் அந்தப் பகுதிக்கு அளக்க ஆள் போகவில்லை. தாளைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர், நாங்கள் ஸ்கேல் சார் என்று கூப்பிடுவோமே, அவர் என் மேஜைக்கு வந்து, வெள்ளையா அனுப்பினா நம்ம ஆபீஸ் பெரியவர் திட்டுவாரும்மா, ஏதோ பார்த்து கொஞ்சம் பச்சை அடிச்சு வை, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்துத்தான் அடித்தேன், சாயங்காலம் வரைக்கும். நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் வாரமே நீங்கள் முதல் கப்பல் ஏறிப் போயிருந்த சமயம். உங்களோடு நடக்க ஒரு தெரு வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. மூன்று வரிசையாக மரம் வைத்தேன். உட்கார ஒரு இடம் வேண்டும் என்று பூங்காவை வட்டமாகப் போட்டேன். அடுத்த வருடம் யாரும் சரி பண்ணவில்லை. நானும் மறந்து தொலைத்தேன். பதினேழு வருடம் கழித்து, நான் விட்ட கதையை நானே நம்பி, நீங்கள் இரும்புக்கு நடுவில் வியர்த்துச் சேர்த்ததை எல்லாம் அதில் கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தேன்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து நடுப்பகலில் அங்கே போனேன். தகரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்று வரிசை இருந்தது, மரம் இல்லை, விளக்குக் கம்பம். வட்டப் பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் லாரிகள் நின்றன. பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்துகொடுக்கிற ஒருவர் கம்பத்தில் குடையைக் கட்டிக்கொண்டு, வெயில் நகர நகரக் குடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்து வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில், இங்க பூங்கா வருதுன்னு மேப்ல போட்டிருந்தாங்கன்னுதான் வாங்கினோம், வரும்போது வரட்டும் என்றார். அந்த மேப்பை வரைந்தவள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, சிரிப்பு. தப்பித்தோம் என்கிற சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இறங்கி ஸ்கேல் சாருக்குப் போன் செய்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில்தான் இருக்கிறார். நாற்பத்தாறா, உன் முதல் தாள்மா அது, பெரியவர்கூட ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாரே என்றார். திட்டலாம் என்று போன் செய்தவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுத்து உங்கள் அக்கா. அவர் எவ்வளவு ஆசையாக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வாசல் பேசிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், ஏண்டி, நீ வரைஞ்ச மேப்பை நீயே நம்பினியா, உன்னை நம்பி நான் வேற நம்பினேனே என்று ஒரே கேள்விதான் கேட்டார். பிறகு பத்து நாள் பேசவில்லை. அவரும் முன்பணம் கொடுக்கவில்லை என்பது என் புண்ணியம். நீங்கள் எழுதும்போது இந்தச் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். இப்போது சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வீடு தேட நான் எந்தத் தாளையும் திறக்கவில்லை. வாராவாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்தியானம் இரண்டு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்துக்குத் தெருவில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. குடை கட்டியிருந்தால் அந்தத் தெரு வேண்டாம். சுவரோடு ஒட்டி நின்றால் யோசிக்கலாம். உங்கள் மகள் இதில் என்னையும் மிஞ்சிவிட்டாள். ஒரு பேட்டையில் மரமெல்லாம் அடர்த்தியாக இருந்தது, எனக்கு மனசு போய்விட்டது. அவள், அம்மா, எல்லா மரமும் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கு, நிழல் முழுக்க அவங்க காருக்குத்தான் என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வயதில் இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

ஐந்தாவது வாரம் பழைய அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தோம். நுழைந்ததுமே மகள் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டாள். செருப்புத் தைக்கிறவர் ஒருவர் மரத்தடியில் கருவியெல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தார். என் செருப்பு வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு, வெயில் வந்தால் எந்தப் பக்கம் நகருவீர்கள் என்று கேட்டேன். எதுக்கு நகரணும், வெயில்தான் நகர்ந்து போகும் என்றார். அந்தத் தெருவில் எங்காவது வீடு விலைக்கு வருமா என்று அவரிடமே கேட்டேன். எதிர் மாடியைக் காட்டினார். ஒரு பல் டாக்டர் தம்பதி, மகனோடு போய் இருக்கப் போகிறார்கள். தரகர் யாரும் இல்லை. எந்தப் பல்லை எப்போது பிடுங்கினேன் என்று சொல்கிறவரைப் போல, எந்தச் சுவர் எந்த மழைக்கு ஊறும் என்று அந்த டாக்டரே ஒவ்வொன்றாகக் காட்டினார்.

குறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு கூடம், அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். குளியலறைக் கதவை இடுப்பால் தள்ளினால்தான் சாத்தும். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்துக்கொள்ளுமாம், மாதம் ஒரு தடவை ஏறி எடுக்க வேண்டுமாம். ஸ்கூட்டரை மரத்தடியில் விட்டால் பறவைகள் கோலம் போட்டுவிடும். கொசு உண்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன்.

வாசலில் நிற்பது தூங்குமூஞ்சி மரம். கிளை ஒன்று படுக்கையறை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி வருகிறது. தெருவில் இரு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு மரம், ஒவ்வொன்றையும் நான் கையால் தொட்டு எண்ணினேன். காய்கறிக் கடைக்கு நிழல் விடாமல் ஆறு நிமிடம். கடல் எந்த ஜன்னலிலிருந்தும் தெரியவில்லை. மொட்டைமாடியில் ஸ்டூல் போட்டு ஏறியும் பார்த்துவிட்டேன். போன வாரம் உங்கள் அக்காவைக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசை சொல்லிக்கொண்டே ஏறினார். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, எனக்குப் பிடிச்சிருக்கு, என் முட்டிக்குத்தான் பிடிக்கலை என்றார். அதே தெருவில் கீழ் வீடு ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லி செருப்புத் தைக்கிறவரிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆபீஸில் நாற்பத்தாறாம் தாளைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வரைந்தது நான்தான் என்பதையும் எழுதினேன். இத்தனை வருஷம் யாரும் கேட்கலையேம்மா, நீ ஏன் கிளறுறே என்றார் இப்போதைய அதிகாரி. கிளறியதில் ஒரு நல்லது, மரக்கன்று நடும் பட்டியலில் அந்தப் பகுதியையும் சேர்த்திருக்கிறார்கள். நாற்பது கன்று. மழைக்கு முன்னால் நடும்போது நானும் போவேன். தண்ணீர் கொடுத்த அந்த அம்மாளிடம் அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இனி நம் விஷயம். போன தடவை வந்தபோது முதல் இருபது நாளும் நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. தரை ஆடமாட்டேங்குது, இன்ஜின் சத்தம் இல்லை, தூக்கம் வரலை என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. எங்களோடு இருப்பதுதான் உங்களுக்குப் புது இடமாகிவிட்டதோ, வீடு வீடு என்று சொல்வதெல்லாம் இன்னும் ஒரு தடவை ஏறிப் போக ஒரு காரணமோ என்றுகூட நினைத்துவிட்டேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தாலும் பரவாயில்லை, வந்து சொல்லுங்கள். தூக்கம் வராவிட்டால் உட்கார்ந்திருப்போம். மெல்லப் பழகிக்கொள்ளலாம், எனக்கு அவசரமில்லை. சேர்த்து வைத்ததே போதும், இந்த வீட்டுக்காக நீங்கள் இன்னொரு தடவை கப்பல் ஏற வேண்டியதில்லை. அதைத்தான் முதல் வரியிலேயே எழுத நினைத்தேன்.

வீட்டை நம் இருவர் பெயரிலும் பதிவு செய்யப் போகிறோம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு. நீங்கள் வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால் போதும், உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்று பதிவு ஆபீஸில் சொன்னார்கள். உங்கள் அக்கா நான் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே பதினான்காம் தேதிதான், இறங்கி வந்ததும் நீங்கள் கம்பெனியில் அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன்.

காற்றும் அலையும் உங்களுக்கு இதமாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். பேனா நான் எடுத்து வருகிறேன், நீங்கள் வாருங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி