பெரிய வியாழனும் அப்பாவின் காலும்

சேசு மரி சூசை

அம்பத்தூர்,
5 மார்ச் 1939

அன்புள்ள அம்மாவுக்கு ஞானசௌந்தரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். அக்காவுக்கு இன்னும் பிரசவ வலி எடுக்கவில்லை என்று அத்தான் கார்டு போட்டிருந்தார். அரக்கோணத்து வெயிலில் அவளை அலைய விடாதீர்கள்.

அப்பாவுக்குக் காலில் கரப்பான் சொறி திரும்ப வந்துவிட்டது. கட்டட வேலையில் சுண்ணாம்புக் கலவை மிதித்ததில் விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிகிறது. பக்கத்து வீட்டு நாகம்மாள் வந்து, "இன்னா கண்ணு, உன் நைனா சொறியற சத்தம் எங்க ஊடு வரிக்கும் கேக்குது. வேப்பிலைய அரைச்சி அப்பு!" என்றாள். அப்பினேன். அது எரிந்த எரிச்சலில் அப்பா குதித்த குதிக்கு நாகம்மாளின் கோழிகள் கூரையேறிவிட்டன. மறுநாள் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கூர்ந்து பார்த்து, "இது யாருக்கும் ஒட்டாது. ஆனால் போய்ப் போய் வரும். சவுக்காரம், சுண்ணாம்பு இரண்டும் படக்கூடாது" என்றார். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார்.

இன்னொரு சங்கதி. இன்று பூசை முடிந்ததும் கோவில் உபதேசியார் கிறிஸ்துதாஸ் வந்தார். பெரிய வியாழனன்று, சேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, பங்குச் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அப்பா பெஞ்சில் உட்கார வேண்டுமாம். அப்பா காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, "வேற ஆளப் பாருங்கய்யா" என்றார். ஊரில் சிலர் அதைக் குஷ்டம், பெருவியாதி என்று பேசுகிறார்கள் அம்மா. அத்தனை பேரும் பார்க்க, அப்பாவை அந்தப் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறேன்.

தங்கள் அன்பு மகள்,
ஞானசௌந்தரி

&nbsp;

அரக்கோணம்,
11 மார்ச் 1939

என் செல்ல சௌந்தரிக்கு அம்மா ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை வாசித்து உன் அக்கா ஞானகுமாரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை வற்புறுத்தாதே. ஒரு ஞாயிறு, கோவிலில் பக்கத்திலிருந்தவர் அவர் காலைப் பார்த்துவிட்டுத் தன் பாயை நகர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உன் அப்பா கடைசி வரிசைக்குப் போனார். நீ அப்போது கைக்குழந்தை. நம் வீட்டுக் கால் நம் வீட்டோடு இருக்கட்டும்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கேட்பார். ஊற்றும்போது சுகமாக இருக்கும் என்பார். கொடுக்காதே, பிறகு இரண்டு மடங்கு அரிக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடு. என் பழைய நூல்சேலையைக் கிழித்துக் கட்டு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகம் கையில் இருந்தால் உனக்குப் பசிக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
சவரியம்மாள்

&nbsp;

அம்பத்தூர்,
26 மார்ச் 1939

அன்புள்ள அம்மாவுக்கு,

கசிவு நின்றுவிட்டது! தோல் மெல்ல மூடுகிறது. மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசினேன். அப்பாவுக்கு இப்போது கலவை மிதிக்கும் வேலை இல்லை, சுவர் எழுப்பும் வேலைதான். வெந்நீர் கேட்டார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அங்க இருந்தும் அதிகாரமா?" என்றார், சிரித்துக்கொண்டே.

அரிப்பு வரும்போது புனிதர்கள் சரித்திரம் வாசித்துக் காட்டுகிறேன். சிங்கம் வரும் இடத்தில் அவர் கை அசைவதேயில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் சொறிய ஆரம்பித்துவிடுகிறார். அதனால் தாகத்தோடு வாசிக்கிறேன்.

நான் வற்புறுத்தவில்லை அம்மா. கேட்டேன், அவ்வளவுதான். நேற்று அவரே காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உபதேசியாருகிட்ட வர்றேன்னு சொல்லிடு" என்றார்.

ஞானசௌந்தரி

&nbsp;

அம்பத்தூர்,
8 ஏப்ரல் 1939

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

புதன் சாயங்காலம் அப்பா ஏரிக்குப் போய்த் திரும்பினார். இரண்டு காலும் தக்காளிப் பழம்! சவுக்காரம் போட்டு, செங்கல் துண்டால் தேய்த்திருக்கிறார். மூடியிருந்த தோலெல்லாம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"சாமியாரு கையில அழுக்குக் காலக் குடுக்கச் சொல்றியா?"

"கழுவத்தானே அவர் வர்றாரு!"

அப்பா வேட்டியால் காலை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் பெஞ்சுக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். உபதேசியார் ஓடி வந்தார். "பிரகாசம், ஒரு எடம் காலியா இருந்தா ஊரு இன்னா சொல்லும் தெரியுமா? காட்டிக்குடுத்த யூதாசு எந்திரிச்சிப் பூட்டான்னு சொல்லும். அந்தப் பேரு உனக்குத் தேவையா?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து வேட்டி மாற்றினார். "வலது கால்தான் ரொம்ப மோசமா கீது. மத்தவங்க வலதை நீட்டட்டும், நீ இடதை நீட்டு" என்று உபதேசியார் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். பெஞ்சில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்ததும் பார்த்தேன் அம்மா, பன்னிரண்டு பேர் காலும் சிவப்பு! ஒருவருக்குக் குதிகாலில் ரத்தம். இன்னொருவர் நொண்டிக்கொண்டே வந்திருந்தார். எல்லோரும் ஏரிக்கரையில் செங்கல் தேடியிருக்கிறார்கள். சாமியார் முதல் காலைக் கையில் எடுத்தார், வரிசையை ஒரு தரம் பார்த்தார். "அடுத்த வருஷம் கொஞ்சம் அழுக்கோட வாங்கப்பா, எனக்கும் ஏதாவது வேலை இருக்கட்டும்" என்றார். கோவிலுக்குள் சிரிக்கக்கூடாது என்று பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம்.

அப்பாவின் முறை வந்தது. உபதேசியார் தூணருகில் நின்று இடது, இடது என்று சைகை காட்டினார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு வலது காலை நீட்டினார். சாமியார் தண்ணீர் ஊற்றினார், துவாலையால் ஒற்றினார், குனிந்து பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார். யாரும் முகம் திருப்பவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் பாதியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

இன்று காலில் மறுபடி எண்ணெய், நூல்துணி. ஆறுவதற்கு நாளாகும். நாளை சேசு உயிர்த்த திருநாள். பாஸ்கு வாழ்த்துகள்.

ஞானசௌந்தரி

&nbsp;

அரக்கோணம்,
12 ஏப்ரல் 1939

என் செல்ல சௌந்தரிக்கு,

செங்கல் கதையை வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் அக்காவுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. இருவரும் சுகம். மருத்துவச்சி உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள்.

உன் அப்பா வலது காலை நீட்டினார் என்ற இடத்தை மட்டும் நான் தனியாகப் போய் மறுபடி வாசித்தேன். இத்தனை வருஷம் அந்தக் காலுக்கு எண்ணெய் தடவியவள் நான். அன்றைக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு வா. முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறேன்.

உன் அம்மா,
சவரியம்மாள்