சாவி வேண்டாம், ஆசி போதும்

அன்புள்ள அப்பா,

மூட்டுவலி குறைந்ததா? நான் அல்மாட்டியில் சுகம்.

வேலை போய்விடும் என்று பயந்தேனே, போகவில்லை. முன்பு தரவுத்தளத்தில் எதைத் தொடவும் சாவி என்னிடம்தான். இப்போது புரோகிராமர்களே மாற்றிக்கொள்கிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று பெரிய மாற்றம் ஒன்றுக்கு முன் அவர்களில் ஒருவனான எர்மெக், "சாவி வேணாம்க்கா, ஆசி மட்டும் குடுங்க" என்று, நம் ஊரில் ஆசி வாங்குவதுபோல், கேலியாக உள்ளங்கைகளை விரித்தான். என்னை வழியனுப்பும்போது நீங்கள் ரயிலடியில் சொல்வதையே சொன்னேன்: "போற வழி தெறக்கட்டும், திரும்புற வழி அடையாம இருக்கட்டும்."

"ஐயோ அக்கா! சொதப்புனா பழையபடி திருப்புறதுக்கு எதுவுமே எழுதலையே!" என்று எர்மெக் பதறினான்.

அதை எழுதி முடித்த பிறகுதான் எல்லோரும் ஆமீன் சொல்லி, ஆசி முடிந்ததற்கு உள்ளங்கைகளால் முகம் துடைத்தார்கள்.

நம் வீட்டுக் காய்ந்த புளித்த தயிருருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் உப்பே இல்லை. ஆசியின் மீதி வரிகளைப் போனில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் கேட்க வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

மகள் ரௌஷன்