மரம் என்று எழுதினேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆலோசகர் வந்தார். வெள்ளை ஷூ. எங்கள் லென்ஸ் ஆலையில் ஒரு நாளைக்கு மூன்று முறை தரை துடைக்கிறார்கள்தான், ஆனாலும் வேலை நடக்கிற இடத்துக்கு வெள்ளை ஷூ போட்டு வர ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். மனிதவளத் துறை உலகம் முழுக்க எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டினார். வேலையை விட்டுப் போகிறவனிடம் ஏன் போகிறாய் என்று கேட்பது பழைய பாணியாம். இருக்கிறவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஏன் இருக்கிறாய் என்று கேட்பதுதான் இப்போது. பெயர் ‘தங்கும் பேட்டி’. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். டீ கொடுக்க வேண்டும். குறிப்பு எடுப்பது தெரியக் கூடாது.

பேட்டி முடிந்ததும் ஆளை மூன்றில் ஒன்றாக எழுத வேண்டும். பறவை என்றால் எந்நேரமும் பறந்துவிடும், நன்றாகக் கவனிக்க வேண்டும். பூனை என்றால் இப்போதைக்கு இருக்கும், கண் வைத்திருக்க வேண்டும். மரம் எங்கேயும் போகாது. மரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மேலாளர் கேட்டார். “ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். அதுதான் மரத்தோட அழகு” என்றார் வெள்ளை ஷூ.

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான்.

முந்நூறு பேரில் பாதிப் பேர் என் பங்கு. எங்கள் துறைத் தலைவி ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்று யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வேலையை ஒழுங்காக முடிக்கிறவருக்குத்தான். இதுகூடத் தெரியாமலா பதினாறு வருடம் இங்கே குப்பை கொட்டுகிறேன்?

மார்ச் 5, வியாழன்

ஸ்டோர் கீப்பருக்கு இன்று பேட்டி. பாதி டீயில் அழுதுவிட்டார். பையனுக்குப் பேச்சு வரவில்லையாம், பேச்சுப் பயிற்சி தரும் இடம் ஆலைக்கு எதிர்த்தெருவில் இருக்கிறதாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். வேறு கம்பெனி கூப்பிட்டும் அதனால்தான் போகவில்லையாம். “இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டதில்ல மேடம்” என்று கைகூப்பினார்.

நான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் எழுதினேன்: மரம்.

எனக்கு இது நன்றாக வருகிறது. ஒருவரை எது கட்டிப்போட்டிருக்கிறது என்று ஆறாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறேன். மிச்சம் ஒன்பது நிமிடமும் தலையாட்டுவதுதான் வேலை.

மார்ச் 9, திங்கள்

ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் புதிய ஆலை திறக்கிறார்கள். பரிசோதனைப் பிரிவுக்கு ஆட்களைப் பழக்க ஒரு தலைமைப் பயிற்சியாளர் வேண்டும் என்று பலகையில் ஒட்டியிருந்தது. குடியிருப்பும் உண்டு.

பொடிசு விண்ணப்பித்திருக்கிறாள். பொடிசு என்பது என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை. பிறந்தபோது கைக்குள் அடங்கினாளாம், அதனால் அந்தப் பெயர். இப்போது முப்பத்தொன்பது வயது, வீட்டிலேயே உயரம் அவள்தான். பதினோரு வருடமாக எங்கள் ஆலையில் லென்ஸ் பரிசோதிக்கிறாள். மெஷின் விட்டுவிட்ட கீறலை வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பதவிக்கு அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இதை நான் மறுக்கவே இல்லை.

சாப்பிடும்போது சொன்னாள். “கிடைக்குமா அண்ணி?” என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

ஒன்பது பேட்டி. மூன்று பூனை, ஆறு மரம். மேசையில் படிவங்கள் கழுத்தளவு. கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

இவர் இன்று துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். துணி மடிக்கிறார் என்றாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“அவ போயிட்டா அம்மாவை யாரு பாக்கறது?”

அத்தைக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். இடப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. காலையில் ஆயா வருகிறாள், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். பொடிசு முதல் ஷிப்ட் முடித்து அதற்குள் வந்து நிற்பாள். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, எல்லாம் அவள். நான் ஆறரைக்கு வந்து “அத்தை, எப்படி இருக்கீங்க?” என்று கேட்பேன். அவ்வளவுதான் என் பங்கு, பொய் சொல்வானேன்.

நீங்க பாருங்களேன் என்றேன். ஆம்பிளை எப்படிம்மா துணி மாத்தறது என்றார். பிறகு, “உங்க ஆபீஸ்லதானே எல்லாம் முடிவாகுது” என்றார். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டிவிட்டுப் போவதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மார்ச் 18, புதன்

வெள்ளை ஷூவின் அடுத்த புதுமை. ஏப்ரல் ஒன்று முதல் ஒளிவுமறைவு இல்லாத நிறுவனமாம் நாம். ஊழியர் ஒவ்வொருவரும் தன் கோப்பைத் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. அவர் கொடுத்த மாதிரியில் கம்பெனி பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். மூன்று பக்கத்தை யார் உட்கார்ந்து படிப்பது!

மார்ச் 20, வெள்ளி

பொடிசின் படிவத்தை முடித்தேன்.

கூப்பிடவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளைக் கூப்பிட்டு டீ கொடுத்து ஏன் இருக்கிறாய் என்று கேட்பது கூத்து. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘தாயார் படுக்கையில். திருமணம் ஆகவில்லை, இனி ஆகும் வாய்ப்பும் இல்லை. வெளியே வேலை தேடும் துணிச்சல் கிடையாது. பதவி உயர்வு தராவிட்டாலும் போகமாட்டார். இடமாற்றம் தேவையில்லை. மரம்.’

ஒவ்வொரு வரியும் உண்மைதானே? பொய் என்று ஒரு சொல்லாவது காட்ட முடியுமா?

கையெழுத்துப் போட்டு அடுத்த படிவத்தை எடுத்தேன்.

மார்ச் 26, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் பதவி இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவனுக்கு. பறவை என்று குறிக்கப்பட்டவன், பறந்துவிடக் கூடாதாம். லென்ஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே பொடிசுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அரிசி களைந்துகொண்டே நின்றேன். அவள் அத்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் இரண்டு முறை “அடுத்த தடவை பாக்கலாம்” என்றார். எவ்வளவு கரிசனம்!

ஏப்ரல் 1, புதன்

கோப்புகள் திறந்துவிட்டன. கேன்டீனில் எல்லோர் தலையும் போனுக்குள். மூன்று மாத விடுப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மதியம் ஸ்டோர் கீப்பர் என் மேசைக்கு வந்தார். போனை என் பக்கம் திருப்பி நீட்டினார்: ‘மரம்.’ நின்றார். பிறகு போய்விட்டார்.

அப்போதுதான் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். நான் எழுதிய சுற்றறிக்கை. நான்காவது பத்தி: ‘பேட்டிக் குறிப்புகள் உட்பட முழுக் கோப்பும்.’

முழுக் கோப்பும். நான்தான் அனுப்பினேன். என் பெயர் போட்டு. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

ஏப்ரல் 2, வியாழன்

வெள்ளை ஷூவுக்கு போன் செய்தேன். குறிப்புகளை மட்டும் மறைக்க முடியுமா என்று கேட்டேன். மறைத்தால் நம்பிக்கை போய்விடும் என்றார்.

ஏப்ரல் 4, சனி

பொடிசு வழக்கம்போல இருக்கிறாள். பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் போனில் மெசேஜே ஒழுங்காகப் பார்க்க மாட்டாள். ஒருவேளை பார்க்கவே மாட்டாளோ என்னவோ.

ஏப்ரல் 6, திங்கள்

பார்த்துவிட்டாள். முதல் நாளே பார்த்திருக்கிறாள்.

நான் வந்தபோது அத்தைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பிடியுங்கள் அண்ணி என்றாள். பிடித்தேன்.

“என் ஃபைலைப் பாத்தேன் அண்ணி.”

எந்த ஃபைல் என்று கேட்டேன். கேட்டேனே அப்படி, வெட்கமில்லாமல்.

“பேட்டி நடந்த தேதி இருபதுன்னு போட்டிருக்கு. அன்னிக்கு நான் லீவு. அம்மாவை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன்.”

படிவம் அவசரமாகக் கேட்டார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் போட்டோம் என்று பூசி மெழுகினேன். அவள் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். செருகி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இனி கல்யாணம் ஆகும் வாய்ப்பும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. அப்படி ஒரு கேள்வி அந்தப் படிவத்துல இருக்கா அண்ணி?”

இல்லை. அப்படி ஒரு கேள்வி இல்லை. அது நானாகச் சேர்த்தது. ஏன் சேர்த்தேன்? வேலைக்கு அது தேவையே இல்லை. எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இல்லை. எழுதும்போது நன்றாக இருந்தது. அதனால் எழுதினேன்.

அவள் குரலை உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் உயர்த்தவில்லை. அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பொடிசின் ராஜினாமாக் கடிதம். துறை வழியாக என் மேசைக்கே வந்தது. நான்கு வரி. காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

ஏப்ரல் 11, சனி

இவர் கத்தினார். இந்த வயசில் தனியாக எங்கே போவாய், யார் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினார். சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்றாள். வேறு ஊரில் ஒரு கண் மருத்துவமனை, கண்ணாடிப் பிரிவுக்குப் பொறுப்பு. கேட்ட நான்காவது நாளே வரச் சொல்லிவிட்டார்களாம். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில்.

நாலே நாள். துணிச்சல் கிடையாது என்று எழுதினவள் நான். தொழிலிலும் தோற்றேன்.

“அப்ப அம்மா?” என்றார் இவர்.

“உனக்கும் அம்மாதானே அண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

மே 6, புதன்

நேற்று போய்விட்டாள். ஒரு பெட்டி, ஒரு பை. அத்தையிடம் மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னிடம் மருந்துச் சீட்டையும், எந்த வேளைக்கு எது என்று அவள் எழுதி வைத்திருந்த தாளையும் கொடுத்தாள். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. போறேன் அண்ணி என்றாள்.

இன்று இரண்டு மணிக்கு ஆயா போன் செய்தாள். யார் வருகிறீர்கள், நான் கிளம்ப வேண்டும் என்றாள். இவருக்கு மீட்டிங்.

மே 8, வெள்ளி

அத்தையைத் திருப்பத் தெரியவில்லை எனக்கு. இடுப்பைப் பிடித்தால் தோள் வரவில்லை, தோளைப் பிடித்தால் அவருக்கு வலிக்கிறது. முதுகில் சிவந்திருக்கிறது. பொடிசு எங்கே என்று வாய் கோணிக்கொண்டு கேட்கிறார். ஒரு நாளில் இருபது முறை. இன்று கடைசியில் “போய்ட்டா, இனிமே வர மாட்டா, சும்மா இருங்க” என்று கத்திவிட்டேன். படுத்தபடியே அழுதார். நானும் சமையலறையில் போய் அழுதேன். அவருக்காக இல்லை.

மே 11, திங்கள்

தினமும் ஒன்றரைக்குக் கிளம்ப அனுமதி கேட்டேன். மேலாளர் உடனே சரி என்றார். குடும்பம் முக்கியம் என்றார், டீ வரவழைத்தார். என்ன பிரச்சினை, எத்தனை நாளைக்கு, வேறு யாரும் இல்லையா என்று அன்பாக விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இது தங்கும் பேட்டி.

துறைத் தலைவி நாற்காலி ஆட்சேர்ப்புப் பிரிவுக்காரருக்காம். மதியம் கேன்டீனில் வந்து சொன்னது ஸ்டோர் கீப்பர். தானாக வந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மே 15, வெள்ளி

போனவர்களின் கோப்புகளைச் சரிபார்த்து மூடும் வேலை. பொடிசுடையதும் இருந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று பார்த்தேன், யாரும் வாங்கவில்லை.

சேர்ந்த நாள் போட்டோ, மருத்துவச் சான்று, பதினோரு வருட விடுப்புச் சீட்டுகள். கடைசி இரண்டு வருடத்தில் எல்லா விடுப்புக்கும் காரணம் ஒன்றுதான்: அம்மா. கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு படிவம், நான் பார்த்த ஞாபகமே இல்லை. புதிய ஆலைக் குடியிருப்புக்கான விண்ணப்பம். தேதி மார்ச் 11.

உடன் வசிப்பவர்: தாயார்.
தேவை: தரைத்தளம். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு.
காரணம்: அண்ணிக்கு அலுவலக வேலையே அதிகம். தாயாரை என்னுடனேயே வைத்துக்கொள்கிறேன்.

அடியில் ‘பெறப்பட்டது, மார்ச் 12’ என்று முத்திரை. முத்திரைமேல் என் கையெழுத்து.

கூட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் போயிருப்பார்கள். நான் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால் போதும். இல்லை, ஒரே ஒரு தரம் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும். பதினைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லாம் உன்னால்தான் என்பார்.

படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துக் கோப்பைக் கட்டினேன். மேலே ‘முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணி ஒன்று இருபது. ஆயா கிளம்புவதற்குள் போய் அத்தையை வலப் பக்கம் திருப்பிப் போட வேண்டும்.