முதல் வருடம் மேய்க்கக் கூடாது

ஜூன் 24
இன்று விதைத்தோம். அவர் கண்ணை மூடி இரண்டு மாதம். வேலிக்குள் மண் தெரியத் தேய்ந்து கிடந்த மேய்ச்சல் நிலம் முழுக்கக் கோதுமைப்புல். டிராக்டர் அவர் தம்பி தெல்கெருடையது. விதை ஆழமாகப் போனால் முளைக்காது என்று நான்கு தடவை இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்தான்.

"அண்ணன் இருந்தா என்ன செய்வாரோ அத நான் செய்றேன் அண்ணி" என்றான். எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூலை 3
மழை. நல்ல மழை.

ஜூலை 16
முளைத்துவிட்டது, ஊசி ஊசியாக. இந்த வருடம் ஒரு குளம்புகூட உள்ளே படக் கூடாது. வேர் பிடிக்காத புல்லை ஆடு கடித்தால் வேரோடு வந்துவிடும். புல் பிடித்துவிட்டால் என் நாற்பத்தெட்டு ஆடுகளும் பிழைக்கும். இல்லாவிட்டால் அவற்றை விற்றுவிட்டு, ஷிலின்ஹாட் நகரத்தில் மகள் வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

நாளைக்கு அவளுடைய பிரசவத்துக்குப் போகிறேன். வேலியையும் ஆடுகளையும் தெல்கெரிடம் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20
பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்து இறங்கினேன்.

புல் இல்லை.

"களை மூடிடுச்சு அண்ணி, முளைக்கு வெயிலே படல. அதான் ரெண்டு நாள் ஆட்ட விட்டேன்."

களை இடுப்பு உயரம் நிற்கிறது. ஒரு இலைகூடக் கடிபடவில்லை. ஆடு கசப்பைத் தின்னாது என்று இவனுக்குத் தெரியாதா? இளம்புல்தான் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. புழுக்கை பழையதும் புதியதுமாக — ரெண்டு நாளாம்! அவனோட முந்நூறு ஆட்டையும் ஒரு மாசம் விட்டிருக்கான்.

அப்ப அன்னைக்கு நாலு தடவ இறங்கிப் பாத்தது எதுக்குடா?

செப்டம்பர் 5
குத்தகைப் பத்திரத்தோடு வந்தான்.

"இனி இதுல புல் பிடிக்காது அண்ணி. பத்து வருஷத்துக்கு எனக்கு எழுதிக் குடுத்துடுங்க. பேத்தியோட ராணி மாதிரி இருங்க."

பத்திர பாஷை எனக்குப் புரியாது. தேதி படிக்கத் தெரியும். பத்திரத்தில் அச்சடித்திருந்த தேதி ஜூலை 20. நான் ஊருக்குப் போய் மூன்றே நாளில்.

வீட்டுக்கு வந்தவனுக்கு டீ ஊற்றாமல் இருக்க முடியுமா? உப்புப் போட்ட பால் டீயை ஊற்றி இடக்கையால் நீட்டினேன். எங்கள் மங்கோலியரில் எதிரிக்குக்கூட யாரும் அப்படிக் கொடுப்பதில்லை. அவன் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணி..."

"குடி."

குடிக்கவில்லை. பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 6
அவர் இருந்திருந்தால் அவனை அடித்திருப்பார். இல்லை, மன்னித்திருப்பார். அதை நினைத்தால் அவர் மேலும் கோபம் வருகிறது.

அக்டோபர் 25
பதினைந்து ஆடுகளை விற்று, விதையும் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல்லும் வாங்கினேன். களையை அரிவாளால் அறுத்து எடுத்தேன். கை முழுக்கக் கசப்பு.

டிராக்டர் கேட்டு அவன் வாசலுக்குப் போகவில்லை. விதையைக் கையால் வீசினேன். மிச்சமிருந்த முப்பத்துமூன்று ஆடுகளையும் உள்ளே விட்டு மேலும் கீழுமாக நடத்தினேன். குளம்பு மிதித்து விதை மண்ணுக்குள் போகட்டும். பனிக்கடியில் கிடந்துவிட்டு வசந்தத்தில் முளைக்கும் — முளைத்தால்.

தெல்கெர் பெண்டாட்டி வேலியோரம் நின்று சிரித்தாள். "என்னக்கா, ஆட்டுக்கு அணிவகுப்பா?"

"ஆமா. உங்க வீட்டு ஆடு பிடுங்கினத எங்க வீட்டு ஆடு நடுது."

சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 9
குளம்புக் குழிகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது போல. குழிக்குக் குழி பச்சை. வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வருடமும் ஆடுகளை விட மாட்டேன்.

இத்தனை நாளும் அவரை நினைத்தாலே குறுக்கே தம்பி முகம் வந்து நிற்கும். கோபத்தில் கண் காய்ந்துவிடும். இன்று புல்லருகே உட்கார்ந்திருந்தபோது அவர் மட்டும் வந்தார்.

மதியம்வரை அழுதேன்.