வாசிப்பு மென்பொருள் நின்றுபோனதும், அதற்காக ஒருவர் இருக்கையை இழந்ததும்

அனுப்புநர்
உதவி நூலகர்,
பார்வையற்றோர் பிரிவு,
பொது நூலகம்.

பெறுநர்
தலைமை அலுவலர்,
நூலகக் கணினிப் பிரிவு.

பொருள்: கணினிப் பராமரிப்பாளரின் நுழைவு அனுமதியைத் திரும்ப வழங்கவும், அவர்மீதான விசாரணையைக் கைவிடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பிரிவின் லினக்ஸ் கணினிகளில், புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் சென்ற வாரம் காணாமற்போனது. சட்டத் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "என்னங்க, இன்னிக்கு இது மௌன விரதமா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். கொடுத்தது நியாயம்.

2. அதன்பேரில் எங்கள் பராமரிப்பாளர் "வேண்டுமென்றே நீக்கினார்" என்று குறிப்பாணை வந்தது. அவரது கடவுச்சொல்லும் முடக்கப்பட்டது. அவர் நீக்கியது உண்மை. வேண்டுமென்றே என்பது உண்மையல்ல. அன்று நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

3. பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறும்படி தங்கள் சுற்றறிக்கை வந்திருந்தது. மென்பொருள்களை நிறுவும் பேக்கேஜ் மேனேஜரில் அந்தப் பதிப்பை இரண்டு இடங்களில் குறிக்க வேண்டும் என்பது அதில் இல்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்: முதல் இடம், வீட்டில் யார் யார் சமைக்கலாம் என்று சொல்கிறது. இரண்டாவது இடம், ஒருவர் மட்டுமே சமைக்கக்கூடிய பண்டத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்கிறது. இரண்டின் பெயரும் ஒரே சாயல். பராமரிப்பாளர் முதல் இடத்தில் பழையவரை அனுப்பிவிட்டுப் புதியவரை அமர்த்தினார். இரண்டாவது இடத்தில் பழையவர் பெயரே நின்றது. வாசிப்பு மென்பொருள் அப்படி ஒருவர் மட்டுமே சமைக்கும் பண்டம்; வீட்டில் இல்லாத ஆளுக்காக அடுப்பு காத்திருந்தது.

4. திரையில் சிவப்பு எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின. வாசிப்பு மென்பொருள் வழிமறிக்கிறது என்பதைத் தவிர அதில் எதுவும் விளங்கவில்லை. "கொஞ்ச நேரம் இதை எடுத்து ஓரமா வெச்சுட்டு, அப்டேட் முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடலாம்மா" என்றார் பராமரிப்பாளர். கதவு வழியாகக் கட்டில் நுழையாவிட்டால் காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மாட்டுவதில்லையா, அப்படித்தான். கழற்றியது கழன்றது, மறுபடி மாட்டியது பிடிக்கவில்லை; பிடித்துவிட்டதென்றே நாங்கள் இருவரும் நம்பினோம். புரியாமல் செய்தார் என்று எழுதுங்கள், ஏற்கிறோம். அக்கறையில்லாமல் செய்தார் என்று எழுதாதீர்கள்.

5. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. தம் சொந்தக் கணினியில் அதே சிக்கலை உண்டாக்கிப் பார்த்து, மாற்ற வேண்டியது எந்த வரி என்று கண்டுபிடித்து எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்மா, நாலு எழுத்து வித்தியாசம் கண்ணுல படல" என்றார். அந்த வரியைத் திருத்தும் அனுமதி எனக்கு இல்லை. அவருக்கு இருந்ததைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வெளியாள் வந்து பார்ப்பார் என்கிறார்கள். இன்னும் எவரும் வரவில்லை.

6. அதுவரை வாசகிக்கு நானே படித்துக் காட்டுகிறேன். மற்ற வேலைகளுக்கிடையே ஒரு நாளில் ஓர் அத்தியாயம்கூட முடிவதில்லை. என் குரலை வேகமாக ஓட்டவும் முடியாது, நிறுத்திப் பின்னால் போகவும் முடியாது. நேற்று விவரம் முழுவதையும் அவரிடம் சொன்னேன். "நான் மிஷின் ஓடலைன்னுதானே எழுதினேன்? கம்ப்யூட்டர் பாத்துக்கற அக்காவை வேலையிலேர்ந்து தூக்கச் சொல்லலையே" என்றார்.

ஆகவே, பராமரிப்பாளர் தம் இருக்கைக்குத் திரும்பி, தாம் கழற்றியதைத் தம் கையாலேயே பொருத்த அனுமதிக்குமாறு வேண்டுகிறோம். அடுத்த சுற்றறிக்கையில் அந்த இரண்டாவது இடத்தையும் ஒரு வரி குறிப்பிட்டால், வேறு நூலகங்களில் இன்னொருவர் இதே குழியில் விழாமல் இருப்பார். விசாரணை வெள்ளிக்கிழமை என்பதால் அதற்குமுன் தங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்.

இடம்: நூலகம், தரைத்தளம்
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்) உதவி நூலகர்
(கையொப்பம்) முதல் புகாரைக் கொடுத்த வாசகி. மனு முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதுவும் என் புகார்தான்.