பதினான்காம் மனைக்குப் பக்கத்து ரோடு

வடக்குத்து
19.05.2024

அகிலாவுக்கு,

பதினோரு நாளாக நீ ஃபோன் எடுக்கவில்லை. அதனால் கடிதம். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

ஆமாம், நாவலேரி மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைக் கிராவல் கொட்டி மூடி, 'இருபதடி ரோடு' என்று காட்டி மனை விற்றிருக்கிறார்கள். விற்றவன் காரில் பறக்கிறான். எங்கள் தெரு போர்வெல்லில் சித்திரையிலேயே காற்றுதான் வருகிறது. நாரைகள் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்த ரோட்டை ஒட்டிய பதினான்காம் மனை உங்கப்பா வாங்கியது என்று மனு எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அழுவாய், நான் கையெழுத்துப் போட மாட்டேன். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் பொய் சொல்ல வரவில்லை. அதனால் உண்மையை எழுதிவிட்டேன்.

எழில்மதி

ஓசூர்
02.06.2024

எழில்மதிக்கு,

கிழிக்கவில்லை.

அப்பா ஆகஸ்டில் மைன்ஸிலிருந்து ரிட்டையர் ஆகிறார். தை முடிவதற்குள் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பத்துநாலு வருடம் இருந்த வீட்டில் ஒரு ஆணிகூட எங்களுடையது இல்லை. கரூர்ப் பக்கம் இருந்த காட்டு நிலத்தைச் சித்தப்பாக்கள் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். இனி அந்த மனைதான் எங்கள் ஊர். சமையல்மேடை எங்கே வரும் என்று அம்மா அங்கே போய்க் கோலமாவில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

உங்கப்பா இன்னும் கான்ட்ராக்ட், எங்கப்பா பர்மனென்ட். அந்தக் கோபத்தை நீ எங்கள் மனைமேல் காட்டுகிறாயோ என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

நீ மனு கொடுத்ததில் எனக்கு வலி இல்லை. சொல்லாமல் கொடுத்ததில்தான். நான் அழுவேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாய்.

அப்பா உன் வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறார். மரியாதையாகப் பேசு.

அகிலா

வடக்குத்து
24.06.2024

அகிலாவுக்கு,

மரியாதையாகத்தான் பேசினேன். உங்கப்பாதான் பேசவில்லை. நேற்று காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றார், தோளில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபோடு. அம்மா, "வூட்டுக்குள்ள வாங்க, பலாச்சுள இருக்கு" என்றாள். வேலை முடியட்டும் என்றார். பழைய கிராம வரைபடத்தை நீட்டினேன். தொடவே இல்லை.

"காகிதத்தக் காட்டித்தான் எனக்கு வித்தான். தண்ணி சொல்லட்டும்."

டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். நான் பிடிக்க, அவர் நடக்க, நான்கு மணி நேரம். "ஆட்டாத", "தூக்கு" தவிர வேறு பேச்சில்லை. கடப்பாரையால் மூன்று இடத்தில் கிராவலைத் தோண்டினார். அடியில் ஏரி வண்டல். ரோடு முழுக்க வாய்க்கால். மனையிலும் எட்டு அடி வாய்க்கால். சரிவு நேராக ஏரிக்கு.

குழி ஓரத்தில் உட்கார்ந்து உங்கப்பா சிரித்தார். "மைன்ஸ்ல முப்பத்துநாலு வருசம் பம்ப் ஓட்டுனவன்மா நான். தண்ணி எங்க சேரும்னு பாக்கிறதுதான் பொழப்பு. இந்த எடத்த மட்டும் மாசி மாசத்துல செருப்பு நனையாம வந்து பாத்துட்டு, மூலை மனை, கிழக்கு வாசல்னு வாங்கிட்டேன்."

அகிலாவிடம் சொல்லாமல் நான் தப்பு செய்துவிட்டேன் அங்கிள் என்றேன். அதை அவளிடம் சொல் என்றார்.

தப்புதான்.

பிறகு இரண்டாவது மனு எழுதினோம். அதில் முதல் கையெழுத்து நல்லசாமி, உங்கப்பா. அதற்கப்புறம்தான் பலாச்சுளை சாப்பிட்டார்.

எழில்

ஓசூர்
11.08.2024

எழிலுக்கு,

சர்வேயர் கல் நட்டுவிட்டாராம். அப்பா எட்டு அடியை விட்டுவிட்டு வீட்டு பிளானை மாற்றிவிட்டார். மற்ற மனைக்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்களாம். அப்புறம், பம்ப் ஓட்டினவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் ஒதுங்கிக்கொண்டார்களாம். மனை விற்றவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருப்பாய், தெரியும்.

அம்மாவின் சமையலறை சுருங்கிவிட்டது. மிக்ஸியை எங்கே வைப்பது என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கோபம்.

உன் 'தப்புதான்' வந்து சேர்ந்தது. அதை ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஃபோன் செய்யாதே.

அகிலா

வடக்குத்து
15.12.2024

அன்புள்ள அகிலா,

மழை விட்டுவிட்டது. கிராவலை அள்ளியெடுத்த வாய்க்காலில் இடுப்பளவு ஓடியது. உங்கள் புது வீட்டின் கடைசிப் படிவரை வந்து, மேலே ஏறாமல் ஏரிக்குப் போய்விட்டது. உங்கப்பா கரையில் ஒரு மூங்கிலை நட்டு, அடிக் கணக்குக் குறித்து, நோட்டில் முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட் என்று எழுதுகிறார். நாவலேரி நிரம்பிக் கலங்கல் சுவரைத் தாண்டி வழிந்த அன்று 'பம்ப் ஆஃப்' என்று எழுதியிருக்கிறார். உங்கம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் சேர்த்து டீ போட்டார். மிக்ஸி ஜன்னல் ஓரம் வரும். நான்தான் இடம் சொன்னேன்.

நத்தைகுத்தி நாரைகள் நாற்பது இறங்கியிருக்கின்றன.

இன்னொன்று. ஏரிக்குள்ளேயே ஒருவர் சவுக்குத் தோப்பு போட்டிருக்கிறார். செல்வகுமார், என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இந்த முறை மனு எழுதுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். "மாமா, உங்க சவுக்கு ஏரிக்குள்ள கீது. வெள்ளிக்கிழம மனு குடுக்கப்போறேன்" என்றேன். மாமி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "ஆட்டுகிட்டயே வந்து சொல்லிட்டு வெட்றவ நீ ஒருத்திதாண்டி" என்றார் மாமா.

அப்போதும் நான் எழுந்து வரவில்லை. கடைசியில், இந்தச் சவுக்கு வெட்டுக்கு வரட்டும், ஆடி மாசத்தோடு இடத்தை விட்டுவிடுகிறேன் என்றார். எழுதி வாங்கிக்கொண்டேன். மாமா என்பதற்காக நம்பிவிட முடியுமா?

சொல்லிவிட்டுச் செய்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. உன்னிடமும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

எழில்

ஓசூர்
05.01.2025

அன்புள்ள எழில்,

தை இருபது, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பத்திரிகையை அம்மாவே உன் வீட்டுக்குக் கொண்டுவருவாள். முறைத்துக்கொண்டு வந்தால் கண்டுகொள்ளாதே.

அதற்கு முதல் நாள் காலை பஸ்ஸில் வடக்குத்தில் இறங்குகிறேன். நீ வந்து நில். முதலில் அந்த ரோடு இருந்த இடத்தைக் காட்டு. வீட்டை அப்புறம் பார்க்கலாம். அங்கே நான் அழுவேனா, திட்டுவேனா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

எந்த பஸ் என்று கேட்டு ஃபோன் செய். எடுக்கிறேன்.

அகிலா